இன்னும் கொஞ்சம் பெரிய பேட்டரி

ஐந்து வருஷமாக லோர்னாவுக்குத் தன் புருஷனின் வேனில் ஒரு ராத்திரி படுக்கக் கொடுத்துவைக்கவில்லை. மெத்தை இருந்தது. நல்ல அகலமான மெத்தை, உறை அவளே தைத்தது. ஜன்னல்களுக்குத் திரை இருந்தது, அதுவும் அவள் கைவேலைதான். கரண்ட்தான் போதவில்லை. அப்படித்தான் கிளைவ் சொன்னான். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

லோர்னாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிற வியாதி. முகமூடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, குழாய் வழியாகக் காற்றைத் தள்ளுகிற மெஷினை விடிய விடிய ஓடவிட்டுத்தான் தூங்க வேண்டும், ஒரு ராத்திரிகூட விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீட்டில் என்றால் சுவரில் செருகினால் ஆயிற்று. வேனில் அதற்கென்று தனி பேட்டரி வேண்டும். வண்டியைக் கிளப்புகிற பேட்டரியில் கைவைத்தால் காலையில் வண்டி நகராது. நடுக்காட்டில் உட்கார்ந்து ஆடுகளோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் வேன்காரர்கள் எல்லாரும் விளக்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஹீட்டருக்குமாக இன்னொரு பேட்டரி வைத்துக்கொள்வார்கள். ஓட்டும்போது என்ஜினிலிருந்து ஏறும், நிற்கும்போது கூரையிலுள்ள சோலார் பலகையிலிருந்து ஏறும்.

கிளைவ், எங்கள் மோர்கம் ஊர்க் கடற்கரைச் சாலையில் ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவன். ஓய்வு பெற்ற மாதமே, கூரியர்காரர்கள் கழித்துவிட்ட ஒரு வெள்ளை வேனை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டான். எங்கள் ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஓய்வு பெற்ற ஆண்களில் பாதிப் பேர் இப்படி ஒரு வேனுக்குள் தலையை விட்டுக்கொண்டு, காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டுதான் கிடக்கிறார்கள். பெண்டாட்டிகள் அந்தக் கால்களுக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

“உனக்காகத்தான் லோர்னா. ரெண்டு பேருமா வடக்க கிளம்பிடுவோம். டர்னெஸ் வரைக்கும். ரோடு முடியற வரைக்கும் போவோம்” என்றான் கிளைவ் அன்றைக்கு.

லோர்னா பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் பாத்திரத்தோடு மல்லுக்கட்டியவள். ரோடு முடிகிற இடம் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஜன்னல் திரைக்குத் துணி எடுக்கக் கடைக்குக் கிளம்பிவிட்டாள். அந்த ஒரு ஆசையைத்தான் அவள் ஐந்து வருஷமாக அடைகாத்தாள்.

முதல் வருஷம் சாதாரண பேட்டரி வைத்தான். அது பாதிக்குமேல் இறங்கினால் செத்துப்போகும், பேருக்குத்தான் அவ்வளவு, கைக்கு வருவது பாதிதான் என்றான். சரி. அடுத்த வருஷம், உன் மெஷின் வீட்டுக் கரண்ட் கேட்கிறது, அதற்கு இன்வெர்ட்டர் வைத்தால் அதுவே ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது என்றான். சரி. பிறகு, புது மாடல் வண்டியில் என்ஜின் சார்ஜ் சிக்கனக்காரன், பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று பேட்டரிக்கு ஒழுங்காக ஊட்டாது என்றான். பிறகு, வடக்கே வெயில் கிடையாது, கூரைப் பலகை சும்மா அழகுக்குத்தான் என்றான். கடைசியாக, லித்தியம் போட்டால் குளிரில் உறைநிலைக்குக் கீழே போனதும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் என்றான்.

இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. வேன் கட்டுகிற எவனைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்லுவான். அதுதான் இதில் உள்ள கொடுமை.

ஒவ்வொரு மே மாதமும் செப்டம்பர் மாதமும் கிளைவ் தனியாக வடக்கே போனான். “டெஸ்ட் பண்ணிட்டு வர்றேன்” என்பான். பத்துப் பதினைந்து நாள் கழித்து முகம் சிவக்க, கண்ணில் ஒரு தெளிச்சியோடு திரும்பி வருவான். வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிக்கொண்டே தலையை ஆட்டுவான்.

“போதாது கண்ணு. இன்னும் கொஞ்சம் பெரிய பேட்டரி வேணும்.”

“அதுல தொண்ணூத்தெட்டு சதவீதம்னு காட்டுதே?” என்று ஒருதடவை லோர்னா, கதவோரம் பேட்டரி அளவு காட்டுகிற சின்னத் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“சின்ன டம்ளர் நெறஞ்சாலும் சின்ன டம்ளர்தானே?”

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. பேட்டரி இருந்த பெட்டி, உட்காரும் பலகைக்கு அடியில் திருகாணி போட்டு மூடியிருந்தது. அதில் கை வைக்காதே, ஆளைத் தூக்கி அடிச்சிடும் என்று சொல்லியிருந்தான். அவளும் வைத்ததில்லை. பிறத்தியார் அடுப்பில் கை வைப்பது அவள் வழக்கமில்லை.

சர்ச் ஹாலில் பாட்டுக் குழுவில் கூடப் பாடுகிற எட்னா வாயாடி. “வருஷத்துக்கு ரெண்டு தடவ டெஸ்ட்டா? ஏண்டி, அங்க எவளாவது செவப்புத் தலைக்காரி இருக்காளான்னு போய்ப் பாரு” என்பாள்.

“கிளைவா? அவனுக்கு ஒருத்திக்கு டீ போட்டுக் குடுக்கறதுக்கே மூச்சு வாங்குது. ரெண்டாவது ஒருத்தியா?” என்று லோர்னா சிரிப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். சந்தேகப்பட அவளுக்கு ஒன்றுமே கிடைத்ததில்லை.

இந்த வருஷம் ஏப்ரலில் லோர்னா ஒரு முடிவு செய்தாள். செத்துப்போன அக்கா அவளுக்குக் கொஞ்சம் பணம் விட்டுப் போயிருந்தாள். கிளைவ் எப்போதும் பத்திரிகையில் காட்டிப் பெருமூச்சு விடுகிற அந்தப் பெரிய லித்தியம் பேட்டரியையே வாங்கிவிட்டாள். கல்யாண நாளுக்கு ஒரு வாரம் இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் கிளைவ் புல்வெளியில் பந்து உருட்டி விளையாடப் போய்விடுவான். அந்த நேரத்தில் மாட்டிவிட்டால், கல்யாண நாள் காலையில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டலாம். இனி என்ன சாக்கு, ஏறு வண்டில என்று சொல்லலாம். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று நாலு நாளாகப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாட்டிக்கொடுக்க நார்மன் வந்தார். வேன்காரர்கள் சங்கத்தில் எல்லாருடைய வண்டிக்கும் வயரிங் பார்த்துக் கொடுக்கிற ஆள். பெண்டாட்டி இறந்ததிலிருந்து யார் கூப்பிட்டாலும் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார், கேக் ஒரு துண்டு கொடுத்தால் போதும்.

“அப்பாடி, என்ன கனம்!” என்று புது பேட்டரியை வாசலில் தடவிப் பார்த்தார். “கிளைவ் குடுத்து வச்சவன். என் பொண்டாட்டி எனக்குக் கல்யாண நாளுக்கு சாக்ஸ்தான் வாங்கிக் குடுப்பா. வருஷா வருஷம் அதே சாக்ஸ்.”

“அவன் மூஞ்சி எப்படிப் போகப்போகுதுன்னு பாக்கணும் எனக்கு” என்றாள் லோர்னா.

நார்மன் மண்டியிட்டுத் திருகாணிகளைக் கழற்றினார். பலகையைத் தூக்கினார். டார்ச் அடித்தார். அணைத்துவிட்டு மறுபடி அடித்துப் பார்த்தார்.

“லோர்னா, டீ கிடைக்குமா?”

“இப்பத்தானே குடிச்சீங்க?”

“இன்னொண்ணு குடிக்கலாம்னு பாத்தேன்.”

“என்ன நார்மன், உடைஞ்சு கிடக்கா?”

அவர் தலையை நிமிர்த்தவில்லை. “இல்ல. உடையல. ரெண்டு இருக்கு.”

“என்ன ரெண்டு?”

“நீங்க வாங்கியிருக்கீங்களே, இதே. இதே சைஸ். ரெண்டு இருக்கு உள்ள.”

லோர்னா ஏறி உள்ளே வந்து குனிந்து பார்த்தாள். கறுப்புச் சுவர் போல இரண்டு பேட்டரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. மொத்தமான சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர். ஒரு தூசி இல்லை.

“பெருசா இருந்தா என்ன, சின்ன டம்ளர்தானே அது” என்றாள். சொல்லும்போதே குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

“டம்ளரா? அண்டா லோர்னா, அண்டா. உங்க மெஷின் மூணு ராத்திரி ஓடினாலும் இதுல மிச்சம் இருக்கும்.”

“குளிர்ல ஏறாதுன்னான்.”

“அடியில சூடு பண்ற பாய் போட்டிருக்கான் பாருங்க.”

“என்ஜின் ஒழுங்கா சார்ஜ் குடுக்காதுன்னான்.”

“அதுக்கு வேண்டிய சார்ஜர் இதோ இருக்கு. நீலப் பெட்டி.” நார்மன் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். காட்டாமலிருக்க அவருக்கும் தெரியவில்லை. “அருமையான வேலைங்க. என் வண்டிலகூட இவ்வளவு சுத்தமா இல்ல.”

“எப்ப வாங்கினது?”

நார்மன் டார்ச்சைச் சாய்த்தார். பேட்டரியின் தோளில் தேதி அச்சடித்திருந்தது. “மூணு வருஷம் ஆகுது” என்றார் மெதுவாக.

நார்மன் பாவம், எதையாவது செய்து நிலைமையைத் தேற்றலாம் என்று ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. கிளைவ் எதையும் எழுதி ஒட்டாமல் விடமாட்டான். சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்கும் ஒட்டுவான். ஃபியூஸ்களுக்குப் பக்கத்தில் வெள்ளை நாடாவில் அவனுடைய பெரிய பெரிய எழுத்து: விளக்கு. பம்ப். ஃப்ரிட்ஜ். ஹீட்டர். லோர்னா.

மற்ற நாலிலும் ஃபியூஸ் இருந்தது. அவள் பெயருக்கு நேரே வெறும் பள்ளம். பிடுங்கியிருந்தான்.

“இந்த ஒயர் எங்க போகுது?” என்று கேட்டாள்.

ஒயர் மெத்தையின் தலைமாட்டுக்குப் போயிற்று, அவள் படுக்க வேண்டிய பக்கம். அங்கே கம்பளித் துணி ஒட்டிய பலகை ஒன்று சுவரோடு சுவராக இருந்தது. நார்மன் வேண்டாம் என்பது போலப் பார்த்தார். லோர்னா தானே திருப்புளியை வாங்கி நாலு திருகாணியையும் கழற்றினாள். பின்னால் ஒரு மாடக்குழி. உள்ளே பச்சை வெல்வெட் ஒட்டியிருந்தது. குழாய் வெளியே வர வட்டமாக ஓட்டை போட்டு, ஓரம் குழாயை அறுக்காமலிருக்க ரப்பர் வளையம் வைத்திருந்தான். அவள் வீட்டுக்குள் போய் மெஷினை எடுத்துக்கொண்டு வந்து வைத்துப் பார்த்தாள். அளவெடுத்துச் செய்தது. கச்சிதமாக உட்கார்ந்தது.

நார்மன் தொண்டையைக் கனைத்தார். “ஒருவேள... உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு வச்சிருக்கானோ என்னவோ. கல்யாண நாளு வேற வருதில்ல.”

பைத்தியக்கார மனசு, அதையும் நம்பிப் பார்த்தது. ஒரு வாய் டீ விழுங்குகிற நேரம் நம்பினாள். அதற்குள் கையிலிருந்த திருகாணிகளைப் பார்த்தாள். நாலும் துருப்பிடித்திருந்தன. பலகையை மூடி வருஷக்கணக்காகிறது. மூன்று வருஷமாக ஒரு மனுஷன் பெண்டாட்டியை ஆச்சரியப்படுத்தக் காத்திருப்பானா?

“நீங்க போங்க நார்மன். கேக் மேசைமேல இருக்கு, எடுத்துட்டுப் போங்க.”

“இத... மூடிடவா?”

“வேண்டாம். தெறந்தே கெடக்கட்டும்.”

கிளைவ் ஐந்து மணிக்கு வந்தான். கையில் காகிதப் பொட்டலத்தில் வெண்ணெயில் போட்ட இறால். ஜெயித்த நாளெல்லாம் அவளுக்கு இறால் வாங்கி வருவான். வாசலில் வேனின் பக்கக் கதவு திறந்து கிடந்ததைப் பார்த்தான். உள்ளே பார்த்தான். பிறகு சமையலறைக்கு வந்து பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

“உக்காரு” என்றாள் லோர்னா.

உட்கார்ந்தான்.

“யாரவ?”

“யாரு?”

“எட்னா சொல்ற செவப்புத் தலைக்காரி. நீ பொய் சொல்றதுக்கு ஒருத்தி இருக்கணும்ல? இருக்கான்னு சொல்லு கிளைவ். எனக்கு அது போதும். சட்டியத் தூக்கி உன் தலைல போட்டுட்டு நிம்மதியா இருப்பேன்.”

“யாருமில்ல. சத்தியமா யாருமில்ல.”

“அப்ப எதுக்குடா?”

முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் அவனை அந்தக் குரலில் கேட்டதில்லை. கிளைவ் இறால் பொட்டலத்தை மேசைமேல் வைத்தான், மறுபடி எடுத்தான்.

“மொதல்ல உனக்காகத்தான் பண்ணேன். அந்த மாடம், அந்த வெல்வெட்டு, எல்லாம். நம்பு. ஒழுங்கா ஓடுதான்னு பாக்க ஒரு தடவ தனியாப் போனேன். மெஷினுக்குப் பதிலா ஒரு ஃபேன மாட்டிட்டுப் படுத்தேன்.” அவன் நிறுத்தினான். “தூங்கிட்டேன் லோர்னா.”

“தூங்கினியா? அதுக்கென்ன?”

“தூங்கினேன். வெயில் மூஞ்சில அடிக்கற வரைக்கும். நான் தூங்கி எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா உனக்கு?”

தெரியாது. எப்படித் தெரியும்? அவள்தான் தூங்கிக்கொண்டிருந்தாளே.

“உனக்கு மெஷின் வர்றதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி நீ நின்னுட்ட” என்றான் கிளைவ். “மூச்சக் காணோம். ஒதடெல்லாம் நீலம். நான் அறைஞ்சேன். கத்தினேன். நீ எழுந்து, ஏன் கத்தறேன்னு என்னையே திட்டிட்டுத் திரும்பிப் படுத்துட்ட. அன்னிலேருந்து நான் கேட்டுட்டேதான் படுத்திருக்கேன். மெஷின் வந்த பிறகும்தான். அதோட சத்தம் கொஞ்சம் மாறினா எழுந்து உக்காந்துக்குவேன். முகமூடி நழுவிச்சா, குழாய் மடங்கிச்சான்னு பாத்துட்டே இருப்பேன். பக்கத்து ரூமுல படுத்தாலும் செவுத்த தாண்டிக் கேக்குது. அங்க போனா... அங்க யாரும் மூச்சு விடல. காத்து மட்டும்தான்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“என்னன்னு சொல்ல? நீ மூச்சு விடறது என்னால தாங்கலன்னா?”

சொல்லிவிட்டு அவனே பயந்துபோய் அவளைப் பார்த்தான். லோர்னாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை, அதுதான் அவளை மிரட்டியது. சிவப்புத் தலைக்காரி என்றால் போய் முடியைப் பிடித்து உலுக்கலாம். இதில் யாரைப் பிடித்து உலுக்குவது? அவள் செய்த குற்றம் மூச்சு விட்டது. அவன் செய்த குற்றம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

இரவுச் சாப்பாடு யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் காலை டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே லோர்னா சொன்னாள்: “அந்த ஃபியூஸப் போடு. நாம போறோம்.”

“எங்க?”

“எங்கயாவது. ஒரே ஒரு ராத்திரி. பக்கத்துல நான் படுக்கறேன், நீ படு. கடல் இருக்கும், காத்து இருக்கும். வீட்டுல தூங்காதவன் அங்க தூங்கறேல்ல, நான் இருந்தாலும் வரும் தூக்கம். வந்துச்சுன்னா வடக்க போவோம்.”

“வரலன்னா?”

“வரும்” என்றாள். அவள் கெஞ்சுகிறாள் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

கல்யாண நாளன்றே கிளம்பினார்கள். கார்லைல் தாண்டி, எல்லை தாண்டி, டம்ஃப்ரீஸுக்குக் கீழே சால்வே கடற்கரையில் ஒரு விவசாயியின் புல்வெளியில் நிறுத்தினார்கள். கிளைவ் ரொம்ப நல்லவனாக நடந்துகொண்டான். விருந்தாளியைக் கவனிக்கிற மாதிரி கவனித்தான். தலையணையைத் தட்டிக் கொடுத்தான். குழாயை ரப்பர் வளையத்துக்குள் விட்டு இழுத்துக் காட்டினான். “இங்க பாரு, மடங்கவே மடங்காது” என்றான். மீன் பொரித்துச் சாப்பிட்டார்கள். நீர் வற்றின சேற்றில் பறவைகள் கத்தின. லோர்னா அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, இதற்காகவா ஐந்து வருஷம், இவ்வளவுதானே, இதைத்தானே கேட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். ரொம்ப சந்தோஷமாக இருந்தது. இதை எதற்கு மறைக்க வேண்டும், அன்றைய சாயங்காலம் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

இருட்டியதும் முகமூடியை மாட்டிக்கொண்டு படுத்தாள். மெஷின் மெல்ல உறுமியது. படுத்ததுதான் தெரியும்.

விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. ஒரு கனவு இல்லை, ஒரு புரளல் இல்லை. வீட்டில்கூட அவள் அப்படித் தூங்கியதில்லை. முகமூடியைக் கழற்றிக்கொண்டே கதவோரத் திரையைப் பார்த்தாள். எண்பத்தொன்பது சதவீதம் என்றது. ராத்திரி முழுக்க ஓடி அவ்வளவுதான் குறைந்திருந்தது.

பக்கத்தில் மெத்தை காலி. போர்வை மடிப்புக்கூடக் கலையவில்லை.

நடுவிலிருந்த துணித் திரையை விலக்கி முன்பக்கம் பார்த்தாள். கிளைவ் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். பெரிய கோட்டை மாட்டிக்கொண்டு, கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணாடி வழியாகச் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணுக்குக் கீழே பை பையாகத் தொங்கியது. தாடை நடுங்கிக்கொண்டிருந்தது.

“நல்லா தூங்கினியா கண்ணு?” என்றான்.

“நல்லா தூங்கினேன். நீ?”

“கொஞ்ச நேரம் கண்ண மூடினேன்.”

“பொய் சொல்லாத கிளைவ். போதும்.”

“இல்ல. தூங்கல” என்றான். “உனக்கு ஒரு தடவ முகமூடி நழுவிச்சு. சரி பண்ணேன்.”

லோர்னா டீ போட்டாள். பம்ப் ஓடியது, அடுப்பு எரிந்தது, விளக்கு எரிந்தது. எல்லாம் அழகாக வேலை செய்தது. இரண்டு கோப்பையோடு போய் அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். கோப்பையை வாங்க அவன் கையை நீட்டினான். வயசானவன் கை. இந்தக் கை ராத்திரியில் எத்தனை தடவை தன் முகத்துக்கு வந்திருக்கும் என்று அவளால் கணக்குப் போட முடியவில்லை.

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். மனசில் வேறொன்றை வைத்துக்கொண்டு சொன்னாள். சொன்னால் அவன் பதறுவான், போடி பைத்தியம் என்பான், இன்னும் ஒரு ராத்திரி இருந்து பார்ப்போம் என்பான் என்று நினைத்துச் சொன்னாள்.

“நீ இப்படியே வடக்க போயேன். டர்னெஸ் வரைக்கும். நான் ரயிலப் புடிச்சு வீட்டுக்குப் போறேன்.”

கிளைவ் டீயை ஒரு வாய் குடித்தான். அவள் காத்திருந்தாள்.

“பத்தே காலுக்கு ஒரு ரயில் இருக்கு” என்றான். “டம்ஃப்ரீஸ் ஸ்டேஷன்ல உன்ன எறக்கி விட்டுடறேன்.”

அவ்வளவுதான் சொன்னான். நேரம் மனப்பாடமாக இருந்தது அவனுக்கு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து போனில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

மெஷினை அவனேதான் மாடத்திலிருந்து எடுத்தான். காற்றை ஈரமாக்க அதிலிருந்த தண்ணீரைக் கொட்டி, துணியால் துடைத்து, குழாயைச் சுருட்டிப் பைக்குள் வைத்தான். பச்சைக் குழந்தையைக் கிடத்துகிற பதனம். முகமூடிக்குத் தனியாக ஒரு துவாலை சுற்றினான். “கார்லைல்ல மாறணும். ஞாபகம் வச்சுக்க. லிஃப்ட்ல போ, படில ஏறாத, பை கனம்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். அக்கறைக்கு ஒரு குறையும் இல்லை.

பிளாட்பாரம் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். கன்னத்தில் முத்தம் கொடுத்தான். “போய்ச் சேந்ததும் போன் பண்ணு” என்றான். பிறகு, “நெஜமா உனக்குப் பரவாயில்லையா?” என்றான்.

“பரவாயில்ல, போ” என்றாள்.

போனான். லோர்னா பெஞ்சில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்கக் குளிரில் விறைத்துக் கிடந்த கிழவன், வண்டி நிறுத்துமிடத்துக்கு காலை எட்டி எட்டிப் போட்டு நடந்தான். ஒரு இடத்தில் ஓடக்கூடச் செய்தான். திரும்பிப் பார்ப்பான் என்று வேன் சாலையில் ஏறுகிறவரை பார்த்தாள். வடக்கே போகிற திருப்பத்தில் விளக்குப் போட்டுத் திரும்பியது வேன்.

ரயில் வந்தது. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எதிர் சீட்டில் இருந்த பெண்மணி நல்ல மாதிரி. “அது கனமா இருக்கும் போலிருக்கே, மேல வச்சுடட்டுமா?” என்று கேட்டாள்.

“வேண்டாம்மா. இது இல்லாம எனக்கு மூச்சு வராது” என்றாள் லோர்னா.

இன்றைக்கு ராத்திரி அதை மாட்டிக்கொள்ள வேண்டும். நாளைக்கும் மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டாவிட்டால் செத்துப்போவாள். மாட்டிக்கொண்டு படுக்கிற ஒவ்வொரு ராத்திரியும், அது கேட்காத தூரத்தில் அவன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பான் என்று தெரிந்துதான் இனிமேல் படுக்க வேண்டும். செப்டம்பரில் அவன் மறுபடி கிளம்புவான். இந்தத் தடவை பேட்டரியைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. அவள்தான் சாண்ட்விச் கட்டிக் கொடுத்து வாசலில் நின்று கையாட்டுவாள்.

பெண்மணி ஏதோ கேட்டாள். லோர்னாவுக்குக் காதில் விழவில்லை. பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.